ஜிகாமீட்டரிலிருந்து மில்லிமீட்டர் வரை: நீள அலகு மாற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலா 3.84 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்றால் உடனே புரிகிறது. அதையே மெகாமீட்டரில் சொல்லுங்கள், மில்லிமீட்டரில் சொல்லுங்கள் என்றால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். இத்தனைக்கும் இதில் இருப்பது பத்தால் பெருக்குவதும் வகுப்பதும் மட்டும்தான். மீட்டர் குடும்பத்தின் பெரிய அலகுகள் மும்மூன்று பூஜ்யமாக ஏறுகின்றன. ஆயிரத்தைத் தாண்டியதும் நம் லட்சமும் கோடியும் இரண்டிரண்டு பூஜ்யமாக ஏறுகின்றன. பெரும்பாலான கணக்குகள் பிசகுவது இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான். அதனால் கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

மெகாமீட்டர், ஜிகாமீட்டர் எல்லாம் உண்மையிலேயே பயன்படும் அலகுகளா?

ஆம். மெகாமீட்டர் என்பது 1,000 கிலோமீட்டர். ஜிகாமீட்டர் என்பது 10 லட்சம் கிலோமீட்டர். சாலைக்கும் ரயிலுக்கும் கிலோமீட்டரே போதும் என்பதால் அன்றாடப் பேச்சில் இவை காதில் விழுவதில்லை.

சூரியனை ஆராய்பவர்களுக்கு மெகாமீட்டர் கைவந்த அலகு. சூரியனின் மேற்பரப்பில் வாயு கொதித்து மேலெழும் சிறு திட்டுகளை கிரான்யூல் என்பார்கள். அவற்றின் குறுக்களவு சுமார் 1,000 கிலோமீட்டர், அதாவது 1 மெகாமீட்டர். அவற்றைவிடப் பெரிய சூப்பர்கிரான்யூல்கள் சுமார் 30 மெகாமீட்டர். கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். அத்தகைய ஆய்வுகள் இன்று கட்டுரையாக வரும்போது நீளங்கள் மெகாமீட்டரில்தான் குறிக்கப்படுகின்றன. 1, 5, 30 என்று எளிய எண்களாக நிற்பதே அதன் வசதி.

இன்னொரு செய்தி. 1790களில் பிரான்சில் மீட்டரை வகுத்தபோது, வடதுருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்றுதான் வகுத்தார்கள். ஆகவே பூமியின் கால் சுற்று ஒரு கோடி மீட்டர், அதாவது 10 மெகாமீட்டர். முழுச் சுற்று ஏறத்தாழ 40 மெகாமீட்டர். இப்போதைய வரையறை வேறு. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே மீட்டர். ஆனாலும் பூமியின் சுற்றளவு 40 மெகாமீட்டரை ஒட்டியே நிற்கிறது.

முன்னொட்டுகளின் வரிசை என்ன? நம் எண்ணிக்கையில் எவ்வளவு?

மேல்நோக்கி:

கிலோ: 10³, ஆயிரம்
மெகா: 10⁶, பத்து லட்சம்
ஜிகா: 10⁹, நூறு கோடி
டெரா: 10¹², ஒரு லட்சம் கோடி
பெட்டா: 10¹⁵, பத்துக் கோடி கோடி
எக்சா: 10¹⁸
ஜெட்டா: 10²¹, கோடி கோடி கோடி
யோட்டா: 10²⁴

எக்சாவுக்கும் யோட்டாவுக்கும் நம் எண்ணிக்கையில் சொல்லத் தொடங்கினால் வாய்தான் வலிக்கும். அடுக்கை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 2022 நவம்பரில் நடந்த சர்வதேச எடை அளவு மாநாட்டில் ரொன்னா (10²⁷), குவெட்டா (10³⁰) என்ற இரண்டும் சேர்க்கப்பட்டன. பழைய பாடப்புத்தகங்களில் இவை இருக்காது.

கீழ்நோக்கி: மில்லி 10⁻³, மைக்ரோ 10⁻⁶, நானோ 10⁻⁹, பிக்கோ 10⁻¹², ஃபெம்டோ 10⁻¹⁵. சென்டி (10⁻²), டெசி (10⁻¹) இரண்டும் இந்த மும்மூன்று வரிசையில் சேராதவை. தேர்வில் பிடிபடுவது பெரும்பாலும் சென்டியில்தான்.

ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எளிய வழி எது?

இருக்கும் அலகின் அடுக்கிலிருந்து, போக வேண்டிய அலகின் அடுக்கைக் கழியுங்கள். வரும் விடைதான் பத்தின் அடுக்கு. எண்ணை அதனால் பெருக்கினால் முடிந்தது.

நெப்டியூன் சூரியனிலிருந்து சுமார் 4.5 டெராமீட்டர் தொலைவில் இருக்கிறது. கிலோமீட்டரில் எவ்வளவு? டெராவின் அடுக்கு 12, கிலோவின் அடுக்கு 3. 12 − 3 = 9. விடை 4.5 × 10⁹ கிலோமீட்டர். வாயால் சொல்வதென்றால் 450 கோடி கிலோமீட்டர்.

கோடிக்கு மாற்றியது கடைசியில்தான் என்பதைக் கவனியுங்கள். கணக்கின் நடுவில் லட்சத்தையும் கோடியையும் கொண்டுவராதீர்கள். அடுக்கிலேயே தொடங்கி அடுக்கிலேயே முடித்துவிட்டு, சொல்லும்போது மட்டும் நம் எண்ணிக்கைக்கு வாருங்கள். இதை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தவறுகள் வராது.

திசை சரியா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. பெரிய அலகிலிருந்து சின்ன அலகுக்குப் போனால் எண் பெரிதாக வேண்டும். சின்னதிலிருந்து பெரியதற்குப் போனால் எண் சிறுக வேண்டும். விடை எழுதியதும் இதை ஒரு முறை பாருங்கள்.

அடுக்கு போடாமல், எண்ணைப் பார்த்ததுமே சொல்ல முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஏன் பள்ளிகளில் அதிகம் சொல்லித்தருவதில்லை என்று வருத்தமும் உண்டு.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தை அடிப்படையாகக் கொண்டது வானியல் அலகு. 2012இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதற்கு ஒரு துல்லியமான மதிப்பை நிர்ணயித்தது: 149597870700 மீட்டர். நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 1,49,59,78,70,700. அதாவது 14,959 கோடியே 78 லட்சத்து 70 ஆயிரத்து 700 மீட்டர். படிக்கலாம், ஆனால் இதில் ஜிகாமீட்டர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்போது வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

149 597 870 700

வலமிருந்து முதல் கட்டு மீட்டர். அடுத்தது கிலோமீட்டர். அதற்கடுத்து மெகாமீட்டர். கடைசியில் ஜிகாமீட்டர். ஆக, 149 ஜிகாமீட்டர், 597 மெகாமீட்டர், 870 கிலோமீட்டர், 700 மீட்டர். ஒரு பெருக்கலும் இல்லாமல் அலகு மாற்றம் முடிந்துவிட்டது. ஜிகாமீட்டரில் மட்டும் வேண்டுமென்றால் முதல் கட்டுக்குப் பின் புள்ளி வையுங்கள்: 149.597870700. மெகாமீட்டரில் வேண்டுமென்றால் இரண்டாவது கட்டுக்குப் பின்: 149597.870700.

ஒளியாண்டும் இப்படியே. 9 460 730 472 580 800 மீட்டர். 9 பெட்டாமீட்டர், 460 டெராமீட்டர், 730 ஜிகாமீட்டர், 472 மெகாமீட்டர், 580 கிலோமீட்டர், 800 மீட்டர். அறிவியல் எழுத்தில் காற்புள்ளிக்குப் பதிலாகச் சிறு இடைவெளி விட்டு மும்மூன்றாக எழுதச் சொல்வது இதற்கு வசதியாகிவிடுகிறது. பணத்துக்கு நம் முறையை வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு மும்மூன்றாகப் பிரியுங்கள்.

பள்ளியில் படித்த படிக்கட்டு முறை இங்கே ஏன் உதவவில்லை?

கிலோமீட்டர், ஹெக்டோமீட்டர், டெகாமீட்டர், மீட்டர், டெசிமீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்காக இறங்கிப் பழகியிருப்போம். அந்த ஏழு படிகளுக்குள் அது சரி. கிலோவுக்கு மேலும் மில்லிக்குக் கீழும் படி ஒவ்வொன்றும் ஆயிரம் மடங்கு. பழக்கதோஷத்தில் கிலோவுக்கு அடுத்த படி மெகா, ஆகவே பத்து மடங்கு என்று போட்டால் விடையில் நூறு மடங்கு தவறு வரும். பழைய மெட்ரிக் முறையில் 10,000 மீட்டருக்கு மிரியாமீட்டர் என்று ஒரு படி இருந்தது. இன்றைய சர்வதேச அலகு முறையில் அது இல்லை.

ஃபோன் மெமரியில் 1024 என்கிறார்களே, மெகாமீட்டருக்கும் அப்படியா?

இல்லை. மெகாமீட்டர் சரியாக 1,000 கிலோமீட்டர். 1024 என்பது இரண்டின் அடுக்குகளில் இயங்கும் கணினி நினைவகத்துக்கு வந்த வழக்கம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே கிபி, மெபி (கிபிபைட், மெபிபைட்) என்று வேறு முன்னொட்டுகளை 1998இல் உருவாக்கினார்கள். நீளத்தில் 1024க்கு வேலையே கிடையாது.

சுருக்கக் குறியீடுகளில் என்ன கவனம் வேண்டும்?

மெகாவுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து எம், மில்லிக்குச் சின்ன எழுத்து எம். பெரிய எம்முடன் மீட்டரின் சின்ன எம் சேர்ந்தால் மெகாமீட்டர். இரண்டும் சின்ன எம்மாக இருந்தால் மில்லிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 10⁹ மடங்கு, நூறு கோடி! எக்செல்லில் அலகு மாற்றும் கன்வர்ட் ஃபங்ஷனும் இந்தப் பெரிய எழுத்து சின்ன எழுத்தைக் கண்டிப்பாகப் பார்க்கும். மெகாவும் அதற்கு மேற்பட்டவையும் பெரிய எழுத்து, கிலோவும் அதற்குக் கீழானவையும் சின்ன எழுத்து என்று நினைவில் வைத்தால் சிக்கல் இல்லை.

தமிழில் மெ.மீ., மி.மீ. என்று சுருக்கினால் நிலைமை இன்னும் மோசம். மெகாமீட்டரை முழுதாகவே எழுதிவிடுங்கள்.

கால்குலேட்டரில் விடை பத்து மடங்கு கூடுதலாக வருகிறதே, ஏன்?

அநேகமாக எக்ஸ்ப் பட்டனால். ஆதித்யா எல்1 இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட விண்கலம் அது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர், அதாவது 1.5 × 10⁹ மீட்டர் தொலைவில் அது சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கால்குலேட்டரில் போடும்போது பலர் 1.5, பெருக்கல், 10, எக்ஸ்ப், 9 என்று தட்டுகிறார்கள். எக்ஸ்ப் என்ற பட்டனுக்கே "பெருக்கல் பத்தின் அடுக்கு" என்றுதான் பொருள். நீங்கள் தனியாக ஒரு 10 போட்டதால் விடை 1.5 × 10¹⁰ ஆகிவிடுகிறது. 1.5, எக்ஸ்ப், 9 என்பதோடு நிறுத்துங்கள். திரையில் எண்ணுக்கு நடுவே ஆங்கில ஈ வந்தால் பயப்பட வேண்டாம். அதற்குப் பின் வருவது பத்தின் அடுக்கு.

எக்செல்லில் 12 இலக்கத்தைத் தொட்டாலே எண் இந்த ஈ வடிவத்துக்குப் போய்விடும். வானியல் அலகைத் தட்டினால் 1.49598 என்று தொடங்கி ஈ, கூட்டல், 11 என்று காட்டும். செல்லின் ஃபார்மேட்டை நம்பர் என்று மாற்றினால் முழு எண்ணும் தெரியும். ஆனால் 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் பூஜ்யமாக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மிகப் பெரிய அலகையும் மிகச் சிறிய அலகையும் ஒரே கணக்கில் பயன்படுத்தும் தேவை வருமா?

வருகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் லீசா என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று விண்கலங்கள் முக்கோணமாக நின்று, ஒன்றுக்கொன்று லேசர் அனுப்பி, ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கப் போகின்றன. முக்கோணத்தின் ஒரு பக்கம் 25 லட்சம் கிலோமீட்டர், அதாவது 2.5 ஜிகாமீட்டர். அந்த நீளத்தில் அவை உணர வேண்டிய மாற்றமோ பிக்கோமீட்டர் அளவில்.

2.5 ஜிகாமீட்டர் எத்தனை பிக்கோமீட்டர்? ஜிகாவின் அடுக்கு 9, பிக்கோவின் அடுக்கு −12. கழிக்க வேண்டும்: 9 − (−12) = 21. விடை 2.5 × 10²¹ பிக்கோமீட்டர். மைனஸில் மைனஸ் பிளஸ் ஆவதை விட்டுவிட்டு 9 − 12 = −3 என்று போட்டால் 0.0025 என்று வரும். ஜிகாமீட்டர் பிக்கோமீட்டரை விடச் சிறியது என்றாகிவிடும்! மேலே சொன்ன திசை சோதனை இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

நிலாவின் தூரத்தை மில்லிமீட்டரில் எழுதினால் அவ்வளவு துல்லியம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. 384.4 மெகாமீட்டர் என்பதை மில்லிமீட்டராக மாற்றினால் 384 400 000 000. பின்னால் நிற்கும் பூஜ்யங்களை யாரும் அளந்து போடவில்லை. தெரிந்தது 384.4 என்ற நான்கு இலக்கங்கள்தான். அலகை மாற்றுவதால் துல்லியம் அதிகமாவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதனால் 3.844 × 10¹¹ மில்லிமீட்டர் என்று எழுதுவதே நேர்மையான விடை. முக்கிய எண்ணுருக்கள் என்று பதினோராம் வகுப்பில் படிப்பது இதைத்தான்.

அதோடு இது சராசரித் தூரம். நிலா ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 3.63 லட்சம் கிலோமீட்டருக்கும் 4.05 லட்சம் கிலோமீட்டருக்கும் இடையே அருகே வந்து விலகிப் போகிறது.

உண்மையான துல்லிய அளவீடும் இருக்கிறது. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்மீது இன்றும் லேசர் பாய்ச்சித் தூரத்தை அளக்கிறார்கள். நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது என்பது அப்படித் தெரிந்ததுதான். இதே வேகத்தில் போனால் 1 மெகாமீட்டர் விலக எத்தனை ஆண்டு? மெகாவின் அடுக்கு 6, சென்டியின் அடுக்கு −2. 6 − (−2) = 8. ஆக 1 மெகாமீட்டர் என்பது 10⁸ சென்டிமீட்டர். 3.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.6 × 10⁷. அதாவது 2.6 கோடி ஆண்டுகள்.

ஒளியாண்டு, பார்செக் ஆகியவற்றை மீட்டர் குடும்பத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

இவை பத்தின் அடுக்கில் பிறந்தவை அல்ல என்பதால் அடுக்கைக் கழித்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். வானியல் அலகு 149.6 ஜிகாமீட்டர். ஒளியாண்டு 9.46 பெட்டாமீட்டர். பார்செக் (பாடப்புத்தகத்தில் விண்ணியல் ஆரம்) 30.86 பெட்டாமீட்டர்.

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 4.24ஐ 9.46ஆல் பெருக்கினால் சுமார் 40 பெட்டாமீட்டர். ஆண்ட்ரோமெடா மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டு. 2.5 × 10⁶ × 9.46 × 10¹⁵, அதாவது சுமார் 24 × 10²¹ மீட்டர். 24 ஜெட்டாமீட்டர்.

முன்னொட்டுகள் பார்செக்கிலும் ஏறி உட்காரும். பிரபஞ்சம் விரிவடையும் வேகத்தை, ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு விநாடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். ஒரே அளவீட்டில் கிலோமீட்டரும் மெகாபார்செக்கும்! ஒரு மெகாபார்செக் 3.086 × 10²² மீட்டர், அதாவது 3.086 × 10¹⁹ கிலோமீட்டர். அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் விலக எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க, அந்த எண்ணை 70ஆல் வகுத்தால் 4.4 × 10¹⁷ விநாடி வரும். அதை ஆண்டாக்கினால் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் வந்துவிட்டோம். இந்த நெருக்கம் தெரிய வேண்டுமென்றால் முதலில் அலகை ஒழுங்காக மாற்றியிருக்க வேண்டும்.

செய்திகளில் வரும் மில்லியன், பில்லியனை எப்படி எடுத்துக்கொள்வது?

மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி. இவை மெகா, ஜிகாவோடு அப்படியே பொருந்துபவை. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் மில்லியனும் பில்லியனும் இயல்பாகவே புழங்குவதால் அங்குள்ள வாசகர்களுக்கு இந்தப் பக்கம் சற்று எளிது. தமிழ்நாட்டில் மொழிபெயர்க்கும்போதுதான் பூஜ்யம் நழுவுகிறது.

1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 இப்போது 24 பில்லியன் கிலோமீட்டரையும் தாண்டிப் போய்விட்டது. அதை 24 கோடி என்றோ 240 கோடி என்றோ எழுதினால் தவறு. 2,400 கோடி கிலோமீட்டர் என்பதே சரி. இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு: பில்லியன் "கிலோமீட்டர்" என்பதால் அது ஜிகாமீட்டர் ஆகாது. 10⁹ உடன் கிலோவின் 10³ சேர்ந்து 10¹². ஆக 24 டெராமீட்டர்.

சதுரமாகவும் கனமாகவும் இருந்தால்?

முன்னொட்டுக்கும் சேர்த்து அடுக்கு போட வேண்டும். 1 சதுர மெகாமீட்டர் என்பது 1,000 சதுர கிலோமீட்டர் இல்லை, 10 லட்சம் சதுர கிலோமீட்டர். கன அளவுக்கு அடுக்கை மூன்றால் பெருக்குங்கள்.

ரொன்னா, குவெட்டாவால் நீளத்தை அளக்க எதுவும் இருக்கிறதா?

நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் விட்டம் சுமார் 9,300 கோடி ஒளியாண்டு. மீட்டரில் 8.8 × 10²⁶. அதாவது 880 யோட்டாமீட்டர், அல்லது 0.88 ரொன்னாமீட்டர். ரொன்னாவே முழுதாக ஒன்று தேறவில்லை. குவெட்டாமீட்டருக்கு அளக்கப் பொருளே இல்லை.

பயிற்சிக்குச் சில கணக்குகள் கிடைக்குமா?

இந்தியாவின் வடக்கு தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர். மெகாமீட்டரில் எவ்வளவு? வியாழனின் விட்டம் சுமார் 1,43,000 கிலோமீட்டர். ஜிகாமீட்டரில்? பிராக்சிமா சென்டாரியின் 40 பெட்டாமீட்டர், ஜிகாமீட்டரில் எத்தனை? சிவப்பு ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். அதை மெகாமீட்டரில் எழுதுங்கள்.

விடைகள்: 3.214 மெகாமீட்டர். 0.143 ஜிகாமீட்டர். 4 × 10⁷, அதாவது 4 கோடி ஜிகாமீட்டர். கடைசிக் கணக்கில் −9 − 6 = −15, ஆகவே 650 × 10⁻¹⁵, ஒழுங்குபடுத்தினால் 6.5 × 10⁻¹³ மெகாமீட்டர். இதில் 10⁻¹⁷ என்று வந்திருந்தால், 650ஐ 6.5 ஆக்கும்போது அடுக்கில் 2ஐக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிட்டீர்கள்.